ஏளனப்பட்டவர் திருப்பி அடிக்கும்போது: தமிழ்த் திரையில் பழியும் அவல நகைச்சுவையும்

ஒருவரை ஊரே சேர்ந்து கேலி பேசி, அடித்து, ஒதுக்கி வைத்திருக்க, அவர் ஒருநாள் திருப்பி அடிப்பதைச் சொல்லும் கதைகளுக்கு எந்த நாட்டுத் திரைப்படத்திலும் பஞ்சமில்லை. அந்தப் பழிவாங்கலை ஆவேசமாகவோ கண்ணீராகவோ சொல்லாமல், சாவையும் சித்திரவதையையும் அவமானத்தையும் சிரிப்புக்கு இடமாக்கிச் சொல்லும் படங்கள் அவற்றுள் ஒரு தனிக் கிளை. திரைத்துறையினர் டார்க் காமெடி என்றே வழங்கும் இவ்வகையை இக்கட்டுரை அவல நகைச்சுவை என்று குறிக்கிறது. சிரித்த பார்வையாளர் அடுத்த கணமே தாம் எதற்குச் சிரித்தோம் என்று கூசும்படி அமைக்கப்படும் நகைச்சுவை என்பது அதற்குப் போதுமான விளக்கம். பிரிட்டனில் ராபர்ட் ஹேமர் 1949-இல் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்’ இதற்கு மூத்த எடுத்துக்காட்டு. தகுதிக்குக் குறைந்தவனை மணந்தாள் என்று பிரபுக் குடும்பம் தள்ளிவைத்த ஒரு பெண்ணின் மகன், தனக்கும் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் உறவினர்களை மரியாதை குறையாமல் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டப் புறப்படுகிறான். அந்தக் குடும்பத்தார் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்தார். ஒடுக்கியவர்கள் எத்தனை பேரானாலும் அவர்களுக்கு ஒரே முகம்தான் என்பது அந்தப் படத்தின் சூட்சுமம்.

தமிழ்த் திரைப்படம் இதே உத்தியை நேர் எதிராகக் கையாண்டது. இங்கே இரண்டாக்கப்பட்டவன் ஒடுக்கியவன் அல்லன், ஒடுக்கப்பட்டவன்தான். நாயகனாக நிற்பவர் திரையில் அடி வாங்கலாம், அழலாம். ஆனால் பிறர் கைகொட்டிச் சிரிக்கும் பொருளாகக் கடைசிவரை இருக்கக் கூடாது என்பது நட்சத்திர வழிபாட்டின் எழுதப்படாத விதி. அதனால் ஏளனப்படுவதற்கு ஓர் உடலும் பழிவாங்குவதற்கு இன்னோர் உடலும் தேவைப்பட்டன. இரட்டை வேடம் என்று விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்பட்ட அந்த வசதி இருந்தவரை, அவமானத்தின் கசப்பு முழுவதும் ஒரே மனிதனுக்குள் இறங்க வேண்டிய அவசியம் எழவில்லை. அவல நகைச்சுவை தமிழில் தாமதமாகவே முழு உருப் பெற்றதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இந்த வரலாற்றைக் காவிரிப் படுகையிலிருந்து பார்ப்பதற்கு நியாயம் உண்டு. நாகூரை நடுவாக வைத்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள் வட்டம் போட்டால், அதற்குள் திருக்குவளையும் திருவாரூரும் நன்னிலமும் கீழ்வெண்மணியும் அடங்கிவிடும். முதல் மூன்றும் தமிழ்த் திரைக்கு எழுத்தாளர்களைத் தந்த ஊர்கள். நான்காவது ஊரில் நடந்ததை எந்த நகைச்சுவையாலும் நெருங்க இயலவில்லை. நெல் விளையும் பூமியில் நிலம் ஒருசிலர் கையிலும் உழைப்பு மற்றவர் முதுகிலும் இருந்தது. கூலி கேட்ட பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வட்டாரம் அறிந்த நடைமுறை.

அந்த உழைப்பாளர் சிரிப்பை அறியாதவர்கள் அல்லர். பள்ளு என்னும் சிற்றிலக்கிய வகையே அதற்குச் சான்று. வயலில் வேலை செய்யும் பள்ளன், அவனுடைய இரு மனைவியர், அவர்களை மேய்க்கும் பண்ணைக்காரன் ஆகியோரைக் கொண்டு அமையும் இவ்வகை நூல்களில், பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டி வதைக்கும் அதிகாரம் பண்ணைக்காரனுக்கு உண்டு. ஆயினும் அவன் மேடையேறும்போது அவனுடைய தோற்றமும் நடையும் கேலிக்குரியனவாகவே வருணிக்கப்படுகின்றன. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் அரசனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே அவனைப் பகடி செய்கிறான். ஆனால் இந்த இரு மரபுகளிலும் சிரிப்பு ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். மறுநாள் விடிந்தால் அதே பண்ணை, அதே தொழுமரம். பழிவாங்கல் என்ற செயலாக அந்தச் சிரிப்பு முற்றுவதற்குத் திரைப்படம் வர வேண்டியிருந்தது.

திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி வசனம் எழுதி, கிருஷ்ணன் பஞ்சு இரட்டையர் இயக்கி, 1952-இல் வெளியான ‘பராசக்தி’யில் அதன் முதல் கீற்று தெரிகிறது. ரங்கூனிலிருந்து வந்திறங்கும் குணசேகரன் சென்னையில் பொருளைப் பறிகொடுத்து, பசியோடு தெருவில் நின்று, விரட்டப்பட்டு, கடைசியில் பைத்தியக்காரனாக நடிக்கத் தொடங்குகிறான். தன்னை ஏமாற்றிய நகரத்தை அவன் அந்த வேடத்தில் திருப்பி ஏமாற்றும் காட்சிகளை, நீதிமன்ற உரையின் புகழ் மறைத்துவிட்டது. உண்மையில் படத்தின் கூர்மையான பகுதி அதுதான் எனலாம். பைத்தியம் என்ற போர்வைக்குள் புகுந்தவனை ஊர் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கிறவர்களின் உணவையும் பணத்தையும் அவன் எடுத்துக்கொள்கிறான். இரண்டாவது உடல் கிடைக்காதவன் தன் உடலையே இரண்டாக்கிக்கொண்ட நிலை இது.

திருவாரூர் கே. தங்கராசு எழுத, மேடையிலும் பின்னர் 1954-இல் திரையிலும் எம். ஆர். ராதா நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ இதைத் தலைகீழாக்கியது. வெளிநாடு சென்று திரும்பிய செருக்கில் தாயையும் மனைவியையும் உள்ளூர் வழக்கங்களையும் இழிவுபடுத்தும் மோகனசுந்தரம் தொழுநோய் பற்றி, பிறர் அஞ்சி விலகும் உடலாகிறான். இங்கே கொடுமை செய்தவனே பின்னர் ஒதுக்கப்பட்டவனாகிறான். பழியை வாங்குவது விதி. ஆனால் ராதாவின் குரல் அந்த நோயாளியையும் பரிதாபத்துக்கு விட்டுவிடுவதில்லை. தன் அழுகும் உடலையும், தன்னைக் கண்டு முகம் சுளிப்பவர்களின் போலித்தனத்தையும் ஒரே மூச்சில் அவர் கிண்டலடிக்க, அரங்கம் சிரித்தது. தொழுநோயைத் தண்டனையாகக் காட்டியது இன்றைய பார்வையில் ஏற்கத்தக்கதன்று. அந்தக் குறையோடு சேர்த்தே, தமிழில் அவல நகைச்சுவையின் மிகப் பெரிய நடிப்பு என்று அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாமவர் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த கே. பாலசந்தர். அவருடைய ‘எதிர்நீச்சல்’ 1968-இல் வந்தது. ஒண்டுக்குடித்தன வீட்டின் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சச் சோற்றில் வயிறு வளர்த்துக் கல்லூரியில் படிக்கும் மாதுவாக நாகேஷ் நடித்தார். மாதுவை அந்த வீட்டில் சுரண்டாதவர்கள் குறைவு. படம் அதைச் சிரிப்பாகவே காட்டுகிறது. ஆனால் மாது யாரையும் பழிவாங்குவதில்லை. படித்துத் தேறுவதே அவனுடைய பதில். நடுத்தர வகுப்புக் குடும்ப நாடகத்தின் எல்லை அது. கோபப்படும் உரிமையை அது மாதுவுக்குத் தரவில்லை.

அதே 1968-இன் டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற கீழ்வெண்மணி விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, வசதியும் காரும் உடைய பெரிய மனிதர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வாதம் தீர்ப்பில் இடம்பெற்றது. எந்த வசனகர்த்தாவும் எழுதத் துணியாத அவல நகைச்சுவை இது. முதன்மைக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். கும்பகோணத்தைச் சேர்ந்த இந்திரா பார்த்தசாரதி இந்நிகழ்வைக் கொண்டு எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல் 1977-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நிலக்கிழாரின் கொடுமைக்குப் பின்னால் ஆண்மைக் குறை பற்றிய தாழ்வுணர்ச்சியை அந்நாவல் வைத்ததால், வர்க்கப் போராட்டத்தை உளவியலாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கடுமையாக மறுத்தனர். அந்த மறுப்பு நியாயமானது. ஆயினும் இக்கட்டுரையின் பொருளுக்கு நாவல் ஒரு முக்கியமான எச்சரிக்கையைத் தருகிறது. தான் ஏளனத்துக்கு ஆளானவன் என்ற எண்ணம் ஒடுக்குபவனுக்கும் கைகொடுக்கக்கூடியது. அதிகாரம் உள்ளவன் தன்னைக் கேலிக்கு உள்ளானவனாக நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் மிகக் கொடிய பழிவாங்கல் நிகழ்கிறது. அந்நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-இல் எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ சிரிப்பின் பக்கமே போகவில்லை. போயிருக்கவும் முடியாது.

வயல்வெளியில் நேராகச் சொல்ல முடியாததை வணிகப் படம் இரட்டையரைக் கொண்டு சொன்னது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கி 1958-இல் வெளியிட்ட ‘நாடோடி மன்னன்’ படத்துக்குக் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதியவர் நாகூரைச் சேர்ந்த ரவீந்தர். மன்னனும் நாடோடியும் உருவத்தில் ஒன்றாக இருப்பதால் நாடோடி அரியணையில் அமர்கிறான். வெளியில் நின்றவனுக்கு உள்ளே புக ஒரே வழி, உள்ளே இருப்பவனின் முகம் வாய்த்திருப்பதுதான். இந்த ஏற்பாடு தன் உச்சத்தை 1965 பொங்கலுக்கு வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அடைந்தது. தெலுங்கு ‘ராமுடு பீமுடு’வின் தமிழ் வடிவம் அது. பயந்தாங்கொள்ளியான ராமுவை அவனுடைய அக்காள் கணவன் சவுக்கால் அடித்து அடக்கி வைத்திருக்கிறான். ராமு ஓடிப்போக, அவன் இடத்துக்குத் தற்செயலாக வந்து சேரும் இளங்கோ அதே சவுக்கைப் பிடுங்கி அடித்தவனை அடிக்கிறான். உணவகத்தில் ஒருவன் தின்றதற்கு இன்னொருவன் மாட்டிக்கொள்ளும் ஆள்மாறாட்டச் சிரிப்பும், சவுக்கடியும் ஒரே படத்துக்குள் இடையூறின்றி இருந்தன. சவுக்கு எதற்குப் பயன்பட்டது என்பதை முதுகில் அறிந்த தஞ்சை மாவட்டப் பார்வையாளருக்கு அந்தக் காட்சி வெறும் குடும்பச் சண்டையாகப் பட்டிருக்க வழியில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. ராமு மாறவில்லை. அவனுடைய அச்சத்தையும் அவமானத்தையும் அவன் கடக்கவில்லை; அவனுக்காக இன்னொருவன் வந்து அடித்தான். ஏளனப்பட்டவனைக் கறைபடாமல் காப்பாற்றி, பழியின் இன்பத்தை மட்டும் பார்வையாளருக்குக் கொடுத்த திட்டம் இது. அதன் வெற்றியே அவல நகைச்சுவைக்குத் தடையாயிற்று.

இந்தத் தடையை முதலில் அசைத்தது நகைச்சுவைப் படமன்று. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கால் ஊனமும் கோணல் பேச்சும் உள்ள சப்பாணியை ஊர் அடிமையாக நடத்துகிறது. பரட்டை என்பவன் அவனை வைத்துத் தன் கூட்டாளிகளுக்கு வேடிக்கை காட்டுகிறான். தன்னைச் சப்பாணி என்று அழைப்பவரை அறையும்படி மயில் என்ற பெண் அவனுக்குச் சொல்லித்தர, அவன் கோபாலகிருஷ்ணனாகிறான். கடைசியில் பரட்டையைக் கல்லால் அடித்துக் கொன்று சிறை செல்கிறான். முதல் அறை விழும் இடத்தில் அரங்கம் சிரிக்கிறது, கல் விழும் இடத்தில் சிரிப்பதில்லை. இரண்டையும் செய்தது ஒரே கை என்பதுதான் புதிது.

சப்பாணியாக நடித்த கமல்ஹாசனே பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் இரட்டை வேட மரபை எடுத்து அதன் தையலைப் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் பள்ளி மாணவியின் பழிவாங்கலை அவல நகைச்சுவையாக்கிய ‘ஹீதர்ஸ்’ வெளியானதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் ஒட்டுறவு ஏதுமில்லை, ஆயினும் ஒப்பிடத்தக்கவை. தமிழ்ப் படத்தில் ஓர் இரட்டையன் வாட்டசாட்டமான மெக்கானிக் ராஜா. மற்றவன் சர்க்கஸில் கோமாளியாக இருக்கும் குள்ளன் அப்பு. பழைய விதிப்படி பழிவாங்க வேண்டியவன் ராஜா. படமோ அந்தப் பொறுப்பை அப்புவிடம் கொடுத்துவிட்டு, ராஜாவைக் காதலுக்கும் பாட்டுக்கும் அனுப்பிவிடுகிறது. அப்பு செய்யும் கொலைகளுக்கு முகச்சாயல் காரணமாக ராஜா பிடிபடுகிறான். பீமன் இருக்க, அடிவாங்கியவனே அடிக்கிறான்.

அப்புவின் உடலுக்கும் அவன் பழிக்கும் உள்ள உறவு இந்தத் திரைக்கதையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு. தந்தையைக் கொன்றவர்கள் கருவுற்றிருந்த தாய்க்கு நஞ்சு புகட்டியதால்தான் அவன் வளர்ச்சி குன்றியது. ஆகவே எந்த உடலைப் பார்த்துச் சர்க்கஸ் கூட்டம் சிரிக்கிறதோ அந்த உடலே குற்றத்தின் தடயமாகிறது. தான் விரும்பிய பெண் தன்னை மணமகனாக அல்லாமல் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திடவே அழைத்தாள் என்று தெரிந்து அப்பு உடைந்துபோகும் பகுதி, தமிழ்த் திரையில் அவமானத்தைக் காட்டிய காட்சிகளில் முன்வரிசையில் நிற்பது. அதற்குப் பிறகு வரும் கொலைகள் சர்க்கஸ் வித்தைகளாக நிகழ்கின்றன: ஒரு பொருள் இன்னொன்றைத் தட்ட, அது மூன்றாவதை உருட்ட, கடைசி அசைவில் உயிர் போகும்படி அமைத்த விசைத்தொடர், வளர்ப்பு விலங்குகள், விளையாட்டுப் பொருள்கள். குள்ளனால் கையாலடித்துக் கொல்ல முடியாது என்ற நடைமுறைச் சிக்கலே படத்தின் நகைச்சுவைக்கு ஊற்றாகிறது. ஜனகராஜின் காவல் ஆய்வாளர் தடயங்களைப் பார்த்துத் தவறான முடிவுகளுக்கு வர, அரங்கம் கொலைகாரனோடு கூட்டுச் சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. வில்லன்களின் தலைவனாக நாகேஷ். மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்த மாதுவின் முகத்தை இங்கே கோமாளியின் பகைவனாக வைத்தது, நடிகர் தேர்வு என்ற அளவைத் தாண்டிய ஒரு முடிவு.

அதே இயக்குநர், கமல்ஹாசனின் தயாரிப்பில், கிரேசி மோகனின் வசனத்தோடு 1994-இல் கொடுத்த ‘மகளிர் மட்டும்’ அந்த நாகேஷைப் பிணமாகவே ஆக்கியது. மேலதிகாரியின் பாலியல் தொல்லைக்கு ஆளாகும் மூன்று பெண்கள், அவரைக் கொன்றுவிட்டதாகத் தவறாக எண்ணி, மருத்துவமனையிலிருந்து வேறொருவர் பிணத்தைத் தூக்கி வருகிறார்கள். மூலக்கருவைத் தந்த அமெரிக்கப் படமான ‘நைன் டு ஃபைவ்’ (1980) மூவரையும் அலுவலகப் பணியாளராகவே வைத்திருந்தது. தமிழில் ஒருத்தி துப்புரவுத் தொழிலாளி. இந்த ஒரு மாற்றத்தால், பெண் என்பதால் வரும் அவமானமும் தொழிலால் வரும் அவமானமும் ஒரே மேசைக்கு வந்துசேர்கின்றன. பழிவாங்கல் இங்கே உயிரை எடுப்பதில் முடிவதில்லை. மேலதிகாரியை அடைத்துவைத்துவிட்டுப் பெண்கள் நிறுவனத்தைத் தமக்கேற்ப மாற்றியமைக்கிறார்கள். ஆண்களின் பழிக்கதைகளில் வெகுநாள் காணக் கிடைக்காத கற்பனை அது.

கும்பகோணத்தில் பிறந்த ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) இரட்டையரை ஓருடலுக்குள் அடைத்து, இரட்டை வேட மரபை ஒரு நோயாக அறிவித்தது. விதிமுறை பேசிப் பேசி எல்லோருக்கும் நகைப்புக்கிடமான அம்பி, திருவையாற்று ஆராதனைக்குப் போய்வரும் சாது; அவனுக்குள் இருக்கும் அந்நியன், கருட புராணம் சொல்லும் நரகத் தண்டனைகளை எருமைக் கூட்டம், கொதிக்கும் எண்ணெய், அட்டைப் பூச்சிகள் என்று நிறைவேற்றுகிறான். கேலிக்கு ஆளானவனின் கோபத்தைச் சமூகச் சீர்திருத்தம் என்ற பெயரில் விற்றது இந்தப் படம். எச்சில் துப்புதல், தரமற்ற பொருள் விற்றல் போன்ற பிழைகளுக்கும் மரணமே தண்டனை என்பதிலுள்ள பொருத்தமின்மையைப் படம் நகைச்சுவையாக உணர்ந்திருந்தால் அது உயர்ந்த அவல நகைச்சுவையாகியிருக்கும். அது தன்னைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டது.

இடையில் ஒரு வெற்றிடத்தையும் குறிப்பிட வேண்டும். மேலைநாட்டில் இவ்வகைப் படங்களின் இயல்பான களம் பள்ளியும் கல்லூரியும். தமிழில் ராகிங் எனப்படும் கல்லூரி வதை பெரும்பாலும் பாட்டாகவோ, நாயகன் முதல் நாளிலேயே மூத்த மாணவர்களை மடக்கும் கலகலப்பாகவோதான் வந்தது. 1996-இல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டு, அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்த பிறகும் இந்தப் போக்கு மெதுவாகவே மாறியது.

இரட்டையரே தேவைப்படாத காலம் 2011-இல், தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ படத்தோடு தொடங்குகிறது. நட்சத்திரம் இல்லாததால் நட்சத்திரத்தைக் காப்பாற்றும் கடமையும் இல்லை. வடசென்னை ரவுடிக் கூட்டத்தில் எல்லோராலும் சப்பை என்று இகழப்படும் எடுபிடி, முதலாளியின் பிடியில் இருக்கும் சுப்பு என்ற பெண்ணோடு தப்பத் திட்டமிடுகிறான். பழகிய கதைகளில் இங்கே ஏளனப்பட்டவன் வெற்றி பெற்றாக வேண்டும். படத்தின் முடிவில் முதலாளியும் சப்பையும் செத்துக் கிடக்க, பணத்தோடு வெளியேறுகிறவள் சுப்பு. சப்பையின் துயரத்துக்கு இரங்கிக்கொண்டிருந்த பார்வையாளர், அவனும் அவளை ஒரு பரிசாகவே நினைத்திருந்தான் என்பதைக் காலங்கடந்தே உணர்கிறார். அடுத்து வந்த ‘மூடர் கூடம்’ (2013) முட்டாள்கள் எனத் தள்ளப்பட்ட நால்வரைப் பணக்கார வீட்டுக்குள் புகவைத்தது. பேச்சு மிகுந்து போனாலும், ஒதுக்கப்பட்டவர்கள் கூட்டாகப் பழிதீர்க்கும் அரிய முயற்சி அது.

‘ஆரண்ய காண்ட’த்தில் நொடித்துப்போன ஜமீன் வாரிசான காளையனாக நடித்த குரு சோமசுந்தரத்தைத் தனியே கவனிக்க வேண்டும். ராஜு முருகனின் ‘ஜோக்கர்’ (2016) படத்தில் அவர், கழிப்பறைத் திட்ட ஊழலால் மனைவியை நினைவிழந்து கிடக்கவைத்த அரசை எதிர்த்து, தன்னையே இந்தியக் குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்டு ஆணைகள் பிறப்பிக்கும் மன்னர் மன்னன் ஆனார். பராசக்தியின் பைத்திய வேடம் இங்கே வேடமா நோயா என்று பிரிக்க முடியாததாகிவிட்டது. மலையாளத்தில் பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’யில் (2021) அவரே கேரளக் கிராமமொன்றில் எல்லோரும் கிறுக்கன் என்று ஒதுக்கும் ஷிபு. அவனுக்கும் நாயகனுக்கும் ஒரே மின்னலில் ஒரே ஆற்றல் கிடைக்கிறது. கடைசிவரை ஏளனத்தை விட்டு வெளிவர முடியாத ஷிபு ஊரையே எரிக்கிறான். எம்.ஜி.ஆர். காலத்து இரட்டையர் வேறுவேறு தாய் வயிற்றில் பிறந்து திரும்பி வந்தாற்போன்ற அமைப்பு அது. மலையாளமே ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ (2016) என்ற படத்தில், பொது இடத்தில் அடிபட்டவன் பழிதீர்க்கும்வரை செருப்பணிவதில்லை என்று சபதம் செய்வதைக் கொண்டு, பழியை மென்மையான நகைச்சுவையாக்கியும் காட்டியது. அதன் தமிழ் வடிவமான ‘நிமிர்’ (2018) அந்த ஊர்மணத்தை இழந்துவிட்டது.

சிரிப்பையே ஆயுதமாக்கிய படம் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’ (2014). ரவுடியின் வாழ்க்கையைப் படமெடுக்க மதுரைக்குப் போகும் இளம் இயக்குநர் பிடிபட்டு, மிரட்டப்பட்டு, அந்த ரவுடியையே நாயகனாக வைத்துப் படமெடுக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறான். அவன் எடுத்து முடிப்பது ரவுடியை ஊரே பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவைப் படம். துப்பாக்கியால் முடியாத பழி அது. அச்சத்தின் மேல் கட்டப்பட்ட ஆட்சிக்குச் சிரிப்பு எத்தகைய கேடு என்பதைப் பள்ளுப் பாடியவர்கள் அறிந்திருந்தார்கள். இங்கே ஆட்டம் முடிந்தும் அந்தச் சிரிப்பு கலைவதில்லை. அந்த ரவுடி சேதுவாக நடித்து அவமானத்தின் மறுபக்கத்தையும் காட்டிய பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே.

பழியை வன்முறையிலிருந்து முற்றாகப் பிரித்தெடுத்தவர் மடோன் அஸ்வின். ‘மண்டேலா’ (2021) படத்தில் யோகி பாபு ஏற்ற முடிதிருத்தும் தொழிலாளிக்குச் சொந்தப் பெயரில்லை; இளிச்சவாயன் என்று கூப்பிட்டு, வேலைக்குக் கூலி தராமல், வீட்டுக்குள் சேர்க்காமல் ஊர் அவனை நடத்துகிறது. சேமிப்புக் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் அஞ்சலகப் பணியாளரான பெண் அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்க, அதனால் வாக்காளர் அட்டை வருகிறது. இரு சாதிகளும் சரிசமமாகப் பிரிந்து நிற்கும் ஊராட்சித் தேர்தலில் அவன் ஒருவனுடைய வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் நிலை உருவாகிறது. சப்பாணிக்கு மயில் மீட்டுத்தந்த பெயர் ஓர் அறையில் வெளிப்பட்டது என்றால், இந்தப் பெயர் அரசின் பட்டியலில் ஏறுகிறது. தொடக்கத்தில் அவன் அந்த வாக்கை வைத்து வயிறார உண்கிறான், கடை கட்டிக்கொள்கிறான். அற்பத்தனமான அந்த இன்பத்தைப் படம் கண்டிக்காமல் விட்டது அதன் பெருந்தன்மை. பிறகே அவன் கேட்பவை ஊருக்கானவையாகின்றன. அந்தத் திருப்பம் சற்று எளிதில் நிகழ்ந்துவிடுகிறது என்ற குறையைச் சொல்லத்தான் வேண்டும்.

இதே ஆண்டுகளில் பெண்களும் திருநங்கையரும் இந்த வகைக்குள் வந்தார்கள். நெல்சனின் ‘கோலமாவு கோகிலா’வில் (2018) பயந்த பெண்போல் பேசும் கோகிலாவின் சாதுத்தனமே அவளுடைய மறுவேடம், போதைப்பொருள் கும்பல் அவளைக் குறைத்து எண்ணியே அழிகிறது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பா என்ற திருநங்கையைக் காவல்நிலையத்தில் சிதைக்கும் அதிகாரியை, மேலேயிருந்து விழும் தொலைக்காட்சிப் பெட்டியால் சாகடித்தது. பழியை வாங்க யாரும் இல்லாத இடத்தில் தற்செயல் அதை வாங்கிக்கொடுக்கிறது. அதிகாரத்தின் முன் ஷில்பாவுக்கு வேறு வழியில்லை என்ற கசப்பும் அந்தச் சிரிப்பிலேயே கலந்திருக்கிறது.

இன்னொரு முடிதிருத்துபவர் நித்திலன் சுவாமிநாதனின் ‘மகாராஜா’வில் (2024) வருகிறார். வீட்டிலிருந்து காணாமல்போன லட்சுமியைக் கண்டுபிடித்துத் தரும்படி காவல்நிலையத்தில் அவர் புகார் கொடுக்க, லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி என்று தெரிந்ததும் நிலையமே சிரிக்கிறது, அடிக்கிறது, பின்பு அவர் நீட்டும் பணத்தைப் பார்த்துப் பணிவு காட்டுகிறது. படத்தின் முதற்பகுதி முழுவதும் பார்வையாளரும் காவலரோடு சேர்ந்து அந்த மனிதரின் மந்தத்தனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் குற்றவாளியைத் தேடித்தான் அவர் அங்கே நாள்தோறும் அமர்ந்திருந்தார் என்பது பின்னர் வெளிப்படும்போது, அந்தச் சிரிப்பு முழுவதும் கணக்கில் ஏறுகிறது. குற்றவாளிகளுள் ஒருவனாக, அதுவரை நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்ட சிங்கம்புலியை அமர்த்தியது, நாகேஷை வில்லனாக்கிய அதே தர்க்கத்தின் கொடூரமான வடிவம். இதற்கு ஓராண்டு முன்பு, அடிவாங்கியே தமிழகத்தைப் பல ஆண்டுகள் சிரிக்கவைத்த வடிவேலுவை, சொந்தக் கட்சிக்காரர் வீட்டில் நாற்காலியில் உட்காரத் தயங்கும் சட்டமன்ற உறுப்பினராக மாரி செல்வராஜ் ‘மாமன்னன்’ படத்தில் நிறுத்தியிருந்தார். அங்கே நகைச்சுவை இல்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முன்பு எதற்கெல்லாம் சிரித்தோம் என்ற கேள்வி படம் முழுவதும் உடன் வந்தது.

‘மகாராஜா’வின் பழி இரத்தத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிகிறது. முதன்மைக் குற்றவாளிக்கு, தான் சிதைத்தது யாருடைய பிள்ளையை என்ற செய்தி தெரியவருகிறது. அதற்கு மேல் நாயகன் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே, உண்மையை ஊகித்துவிட்ட ஆய்வாளர், குப்பைத்தொட்டித் திருடன் என்ற பொய்ப் பெயரில் உண்மைக் குற்றவாளியையே மகாராஜாவிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஏளனம் செய்த நிறுவனமே பழிக்குத் துணைபோகும் இந்த இடத்தில் அரங்குகளில் கைதட்டல் எழுந்தது. அதே நிலையம் முதல் நாளே அந்தப் புகாரை மரியாதையோடு கேட்டிருந்தால் மகாராஜா தன் மகளைப் பற்றி வாய்திறந்திருப்பாரா என்ற கேள்வியைப் படம் தொடாமல் கடந்துவிட்டது.